வண்டி வழுக்குகிறதா? அறிகுறி பார்த்துச் செய்ய வேண்டியவை

எங்கள் தோட்டத்துக்குப் போகும் தடம் ஓர் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகும் அகலம், அடியில் கரிசல். தை பிறந்ததிலிருந்து வைகாசி வரை சிமெண்டுத் தளம் போலக் கெட்டியாகக் கிடக்கும். ஐப்பசியில் இரண்டு மழை பெய்துவிட்டால் அதே மண் வெண்ணெய் ஆகிவிடும். அப்படிப்பட்ட ஒரு காலையில், நிச்சயதார்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று பட்டுவேட்டியோடு காரை இறக்கினேன். ஐம்பதடி போனதும் வண்டி நின்றுவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தேன். என்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தேன். பத்து நிமிடம் கழித்து, குடையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நடந்து வந்த என் மாமனார் சக்கரம் போயிருந்த ஆழத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்பிள்ளை, கிணறு வெட்டத்தான் ஆள் சொல்லியிருக்கிறேனே, நீங்கள் எதற்குச் சிரமப்படுகிறீர்கள்?"

சக்கரம் வழுக்கும்போது நம் கால் செய்யும் முதல் வேலை பெரும்பாலும் தப்பான வேலைதான். ஒரு டயர் தரையைத் தொடும் இடம் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நான்கு உள்ளங்கைகள் ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைத் தள்ளவும் வேண்டும், திருப்பவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும். இந்த மூன்று வேலைக்கும் ஒரே கையிருப்புதான் உண்டு. ஒன்றுக்கு அதிகமாகச் செலவழித்தால் மற்றதற்கு மிஞ்சாது. கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் அந்தக் கையிருப்பு எங்கே வீணாகிறது என்றுதான் தேடப் போகிறோம்.

தொடங்கும் முன்: வழுக்குவது டயர்தானா?

மலை இறங்கும்போது தீய்ந்த நாற்றம் வந்து, பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கீழே இறங்குகிறது என்றால், அல்லது மிதித்தும் வேகம் குறையவில்லை என்றால், அது டயரின் குறை அல்ல. பிரேக் சூடேறிச் சோர்ந்திருக்கிறது. ஓரமாக நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டு, அதன்பின் இரண்டாவது கியரில் இறங்குங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சூடான வட்டு வளைந்துவிடும். சமதளத்திலேயே வண்டி எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறது என்றால் முதலில் நான்கு டயர்களின் காற்றையும் பாருங்கள். அது சரியாக இருந்தால் அலைன்மெண்ட் கடைக்குப் போங்கள்.

உங்கள் வண்டியை எந்தச் சக்கரம் ஓட்டுகிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய சிறிய கார்களில் அநேகமாக எல்லாமே முன்சக்கரத்தால் ஓடுபவை. ஆம்னி, பொலிரோ, இன்னோவா கிரிஸ்டா போன்றவை பின்சக்கரத்தால் ஓடுபவை. சேற்றில் தென்னங்கீற்றை எந்தச் சக்கரத்துக்குக் கீழே போடுவது என்பதே இதைப் பொறுத்ததுதான். முன்சக்கர வண்டியின் பின்சக்கரத்துக்குச் சாக்கு போட்டுவிட்டு அரை மணி நேரம் போராடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

காலை எடுங்கள். கரிசல் மண்ணில் உள்ள களி தண்ணீரைக் குடித்து உப்பும். உப்பிய களி டயரின் காடிகளை, அதாவது மேலே வெட்டியிருக்கும் பள்ளங்களை, நிரப்பிவிட்டால், நேற்று வாங்கிய புது டயரும் மொட்டை டயர்தான். சக்கரம் சுற்றச் சுற்றக் களி மேலும் குழைகிறது, பள்ளம் மேலும் ஆழமாகிறது. செம்மண் காட்டில் கொஞ்சம் கீழே போனால் சரளை தட்டுப்படும். அங்கே சில சமயம் சக்கரம் தானே பிடித்துக்கொள்ளும். உடுமலை, பல்லடம் பக்கத்துக் கரிசலில் அப்படி ஒரு நம்பிக்கை வைக்க வேண்டாம். அதற்கு அடி கிடையாது.

இறங்கிக் குனிந்து பாருங்கள். வண்டியின் வயிறு மண்ணில் உட்கார்ந்துவிட்டதா? உட்கார்ந்திருந்தால் சக்கரத்தின் மீது எடையே இருக்காது. எடை இல்லாத சக்கரத்துக்குப் பிடியும் இருக்காது. அந்த நிலையில் ஆக்சிலரேட்டருக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை. மண்வெட்டி எடுத்து வயிற்றுக்கு அடியில் இருக்கும் மண்ணை வழித்து எடுக்க வேண்டும், அல்லது அகலமான பலகை மேல் ஜாக்கியை வைத்துச் சக்கரத்தைத் தூக்கி அடியில் கல்லைப் போட வேண்டும். பலகை இல்லாமல் ஜாக்கியை வைத்தால் வண்டி மேலே வராது, ஜாக்கிதான் கீழே போகும். ஜாக்கி மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டக் கூடாது.

வயிறு தொடவில்லை என்றால் நல்ல காலம். ஸ்டீயரிங்கை நேராக்குங்கள். திரும்பிய முன்சக்கரம் சேற்றுக்கு அணை கட்டியது போல நிற்கும். வண்டியில் வழுக்குத் தடுப்பு வசதி இருந்தால், வளைந்த கோடுகளோடு கார் படம் போட்ட பொத்தானை அழுத்தி அதை அணைத்துவிடுங்கள். தார்ச் சாலையில் அது உயிர் காக்கும். ஆழச் சேற்றிலோ, சக்கரம் லேசாகச் சுழன்றாலே என்ஜின் பலத்தைக் குறைத்துவிடுவதால் கிடந்த இடத்திலேயே கிடக்க வைக்கும். வெளியே வந்ததும் மறக்காமல் மீண்டும் போட்டுவிடுங்கள்.

பிறகு இரண்டாவது கியர். முதல் கியரின் உதைப்பு சேற்றுக்கு அதிகம். கிளட்சை மெதுவாக விட்டு, வண்டி ஒரு சாண் முன்னால் போனால் போதும். உடனே ரிவர்ஸில் ஒரு சாண் பின்னால். தொட்டில் ஆட்டுவது போல முன்னும் பின்னுமாக ஆட்ட ஆட்டச் சக்கரம் தனக்கு ஒரு சிறிய ஓடுதளத்தைத் தானே அமுக்கி உருவாக்கிக்கொள்ளும். ஐந்தாறு முறை ஆட்டியும் தூரம் கூடவில்லை என்றால் நிறுத்துங்கள். அதற்குமேல் ஆட்டினால் கிளட்ச் கருகும். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் கியர்பெட்டி சூடாகும்.

அடுத்தது கீழே எதையாவது போடுவது. இதில் நம் ஊருக்கு இணை இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் எங்கே மாட்டினாலும் இருபதடிக்குள் ஒரு தென்னை மரம் நிற்கும். காய்ந்த கீற்றை மட்டையோடு இழுத்து வந்து, ஓட்டும் சக்கரத்தின் முன்னால் டயரின் அடியிலேயே நுழையும்படி திணியுங்கள். ஓரடி தள்ளிப் போட்டால் சக்கரம் அதைத் தொடவே தொடாது. பின்னிய தடுக்கு இருந்தால் இன்னும் நல்லது. தேங்காய் மட்டை, கரும்புச் சோகை, சாக்கு, சரளை, உடைந்த ஓடு எல்லாம் ஆகும். ஆகாதது தேங்காய் நார்க்கழிவு. நனைந்தால் அதுவே வழுக்கும். காரின் காலடி விரிப்பைப் போடச் சொல்வார்கள். போடலாம், ஆனால் அது திரும்பக் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். எதைப் போட்டாலும் சக்கரத்துக்கு நேராக முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது. சக்கரம் பிடிக்கும் நொடியில் மட்டை கவணிலிருந்து போவது போலப் பறக்கும்.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுற்றுகிறது, மறுபக்கம் அசையாமல் நிற்கிறது என்று பலர் கவலைப்பட்டுக் கேட்பார்கள். அது பழுதல்ல. என்ஜின் பலத்தை இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியலின் குணமே அதுதான்: எந்தச் சக்கரத்துக்குத் தடை குறைவோ அதைத்தான் சுற்றும். பின்சக்கர வண்டியில் ஹேண்ட்பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்துப் பிடித்தபடி மெதுவாக எடுத்தால், சும்மா சுற்றும் சக்கரத்துக்குத் தடை உண்டாகி, மறுபக்கத்துக்குக் கொஞ்சம் பலம் போகும். முன்சக்கர வண்டியில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். இந்த வித்தை அங்கே தடையே தவிர உதவியல்ல.

காற்றைக் குறைப்பது கடைசிக்கு முந்தைய வழி. 33 பிஎஸ்ஐ இருக்கும் டயரை 20 வரை இறக்கினால் டயர் தட்டையாகி, தரையைத் தொடும் இடம் நீளும். மணலிலும் சேற்றிலும் இது கண்கூடாகத் தெரியும். ஆனால் அந்தக் காற்றோடு தார்ச் சாலையில் வேகம் பிடிக்கக் கூடாது. டயர் சூடாகிக் கிழியும், திருப்பத்தில் விளிம்பிலிருந்து கழன்றும் போகும். சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் சிறிய காற்றடிப்பான் ஒன்று வண்டியில் இருந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

எடை ஏற்றினால் பிடிக்கும் என்பது பாதி உண்மை. பின்சக்கர வண்டியில் பின்னால் இரண்டு மூட்டை வைத்தால் நல்லது. முன்சக்கர வண்டியின் டிக்கியில் மூட்டை வைத்தால் முன்பக்கம் லேசாகிவிடும், கெடுதல்தான். ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்வது எல்லா வண்டிக்கும் பொருந்தும்.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் டிராக்டர். எங்கள் கதை அன்று அங்கேதான் முடிந்தது, அதுவும் இரண்டு தவணையாக. முதல் முறை கயிற்றைப் பம்பரில் கட்டினோம். டிராக்டர் போய்விட்டது, பம்பரும் போய்விட்டது, கார் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. இன்றைய பம்பர் வெறும் பிளாஸ்டிக் மூடி. அதில் கைப்பிடி அளவில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதை நெம்பினால் உள்ளே திருகுத்துளை தெரியும். ஜாக்கியோடு டிக்கியில் கிடக்கும் இழுவைக் கொக்கியை அதில் முழுவதுமாகத் திருகி, அதில்தான் கயிறு கட்ட வேண்டும். சில வண்டிகளில் திருகு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். டிராக்டர் ஓட்டுபவரிடம், கயிறு விறைத்த பிறகு மெதுவாக இழுக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொய்வோடு ஓட்டம் எடுத்து வெடுக்கென்று இழுத்தால் கயிறோ கொக்கியோ அறும். அறுந்தது ஆளைத் தேடிவரும். கயிற்றின் நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போட்டுவையுங்கள், அறுந்தால் வேகம் அடங்கும். வேடிக்கை பார்க்கும் சிறுவர்களைக் கயிற்றின் நீளத்துக்கு அப்பால் அனுப்பிவிடுங்கள்.

மழைச் சாலையில் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டது

சேலம் – கோவை நெடுஞ்சாலையில் கார்த்திகை மழையில் இது நடக்கும். என்ஜின் சத்தம் கொஞ்சம் ஏறும், ஸ்டீயரிங் கைக்குப் பஞ்சு போல ஆகும், திருப்பினாலும் வண்டி கேட்காது. டயருக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் புகுந்துவிட்டது. நீங்கள் இப்போது ஓட்டுவது பரிசல்.

பிரேக்கைத் தொடாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். ஓரிரு நொடியில் சக்கரம் தரையைத் தொடும். தொடும் நேரத்தில் முன்சக்கரம் திரும்பியிருந்தால் வண்டி அந்தப் பக்கமே பாயும். அதனால்தான் நேராகப் பிடிக்கச் சொல்கிறேன். மழையில், வேகத்தைத் தானே ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கண்ட்ரோலைப் போடாதீர்கள். வண்டி மிதக்கும்போது அது வேகம் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஆபத்து கடந்தபின் காரணத்தைத் தேடுங்கள். 1960களில் அமெரிக்காவின் நாசா விமான டயர்களில் சோதித்துக் கண்ட கணக்கு ஒன்று உண்டு: தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். காடி தேய்ந்த டயருக்கு அதைப் போட்டுப் பார்த்தால், 33 பிஎஸ்ஐ காற்றில் மணிக்குச் சுமார் 95 கிலோமீட்டர், 24 பிஎஸ்ஐ ஆகிவிட்டால் சுமார் 80. காற்று இறங்கிய டயர் சேற்றில் நண்பன், மழைச் சாலையில் எதிரி. இந்த ஒரு இடத்தில்தான் ஊரில் பலரும் குழம்புகிறார்கள். மழை என்றால் காற்றைக் குறைக்க வேண்டும் என்று டயர் கடையிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். தப்பு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுதான் அளவு. காலையில் டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும்.

அடுத்து காடியின் ஆழம். காடிகளுக்குள் அங்கங்கே குறுக்காகச் சிறிய மேடு இருக்கும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர், சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை அது. மழைக்கு அதுவே தாமதம். 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றுவது என் வழக்கம், என் மனைவி இதை ஊதாரித்தனம் என்கிறார்.

காடி இருந்தும் வழுக்குகிறதா? டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பண்ணையத்து வீடுகளில் இது தனி நோய். கார் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் வெளியே வரும், மற்ற நாளெல்லாம் தோட்டத்து வீட்டுக்கு முன் வெயிலில் நிற்கும். பத்து வருடமானாலும் காடி அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் பழைய செருப்பு போல இறுகியிருக்கும். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் சந்தேகம் வேண்டாம். ஆறு வயதுக்கு மேல் ஆண்டுதோறும் கடையில் காட்டுங்கள், பத்து வயதானதைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் அவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கரத்தால் ஓடும் வண்டியாக இருந்தாலும் சரி. முன்பக்கம் வழுக்கினால் கைக்கு உடனே தெரியும், காலை எடுத்தால் அடங்கும். பின்பக்கம் வழுக்கினால் தெரிவதற்குள் வண்டி திரும்பி வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும். டயர் கடையில் இதற்கு வாக்குவாதம் வரும், விட்டுக்கொடுக்காதீர்கள். புது டயர் முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்பூச்சோடு கொஞ்சம் வழுக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூறல்தான், ஆனாலும் சறுக்குகிறது

பல வாரம் காய்ந்த சாலையில் விழும் முதல் தூறல் கனமழையைவிடப் பொல்லாதது. தாரில் ஊறிய எண்ணெயும் புழுதியும் டயர்த் தூளும் சேர்ந்து கூழாகிவிடும். அடித்துப் பெய்தால் அரை மணியில் கழுவிக்கொண்டு போய்விடும், தூறினால் தங்கிவிடும். சிக்னல், பஸ் நிறுத்தம், சுங்கச்சாவடி ஆகிய இடங்களில் வண்டிகள் நின்று நின்று எண்ணெய் சொட்டியிருக்கும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் டேங்க் நிறைந்த லாரி சாயும்போது டீசல் வழியும். ஈரத் தாரில் வானவில் நிறம் தெரிந்தால் அதன் மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். முன்னதாகவே வேகத்தைக் குறைத்துவிட்டு நேராகக் கடந்துவிடுங்கள்.

வளைவில் வண்டி பேச்சைக் கேட்பதில்லை

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏற 70. இந்த மூன்றிலும் மழை நாளில் ஓட்டியவருக்கு இந்த அறிகுறியை விளக்க வேண்டியதில்லை.

இதில் இரண்டு வகை. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே வெளிப்பக்கம் போனால், முன்சக்கரங்கள் பிடியை இழந்திருக்கின்றன. பயத்தில் இன்னும் திருப்புவோம், அதுதான் கெடுக்கும். ஆக்சிலரேட்டரை விட்டு, திருப்பிய ஸ்டீயரிங்கைச் சற்றே தளர்த்துங்கள். முன்சக்கரம் உருளத் தொடங்கியதும் பிடிக்கும், பிறகு திருப்பலாம். மாறாக, பின்பக்கம் வெளியே விசிறினால், போக வேண்டிய பக்கத்தைப் பார்த்து அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். பள்ளத்தைப் பார்க்காதீர்கள். கண் போகும் பக்கம்தான் கையும் போகும். இரண்டு நிலையிலும் பிரேக்கில் ஏறி நிற்பது கூடாது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: வளைவுக்குள் வந்த பிறகு வேகத்தைக் குறைத்தது. திருப்புவதற்கு இருந்த கையிருப்பை நிறுத்துவதற்குச் செலவழித்துவிட்டோம். நேராக இருக்கும்போதே பிரேக், நேராக இருக்கும்போதே கியர், வளைவில் லேசான ஒரே சீரான ஆக்சிலரேட்டர். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியர். ஈரத்தில் கியரைக் குறைத்ததும் கிளட்சைப் படக்கென்று விட்டுவிடாதீர்கள். ஓட்டும் சக்கரம் ஒரு நொடி பூட்டியது போல நின்று வழுக்கும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதை விதி. அதற்காக நின்று எடுக்க வேண்டியிருந்தால், எஸ்டேட் நிழலில் பாசி படிந்த ஓரத்தில் நிறுத்தாதீர்கள். வால்பாறையில் ஆடியிலிருந்து புரட்டாசி வரை அந்தப் பச்சைப் பட்டை காயவே காயாது.

திம்பத்தில் இன்னொரு எச்சரிக்கை. கரும்பு லாரிகளிலிருந்து விழுந்து நசுங்கிய கரும்பு ஈரத்தில் வழுக்கும். அதைத் தின்ன வரும் யானை அதைவிடப் பெரிய சிக்கல். அங்கே சறுக்கி நின்றால் இறங்கிக் கீற்று தேடும் வேலை வேண்டாம். உள்ளேயே இருந்து உதவிக்கு அழையுங்கள். இரவுப் போக்குவரத்துத் தடை இருக்கும் பாதை என்பதால், மாலையில் அவசரமாக ஏறாமல் பகலிலேயே கடந்துவிடுவது நல்லது.

பிரேக் மிதித்தால் கால் உதறுகிறது, கடகடவென்று சத்தம்

பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். ஏபிஎஸ் வேலை செய்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விநாடிக்குப் பல முறை பிரேக்கை விட்டுப் பிடிக்கிறது. அதனால்தான் பிரேக் மிதித்தபடியே உங்களால் திருப்பவும் முடிகிறது. நம் நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்களுக்கு இது கட்டாயம். அழுத்தி மிதித்து, மிதித்தபடியே இருங்கள். சரளை பரப்பிய தடத்தில் மட்டும் ஏபிஎஸ் வண்டி சற்றுக் கூடுதல் தூரம் போய்த்தான் நிற்கும். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில் சக்கரம் பூட்டுவதை உணர்ந்ததும் நீங்களே விட்டு விட்டு மிதிக்க வேண்டும்.

நனைந்த ஏற்றத்தில் எடுத்தால் முன்சக்கரம் கிறீச்சிடுகிறது

ஏற்றத்தில் வண்டியின் எடை பின்னால் போய்விடுகிறது. ஓட்டும் முன்சக்கரம் லேசாகிவிடுகிறது. பின்னிருக்கையில் நான்கு பேரும் டிக்கியில் தேங்காய் மூட்டையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். மூட்டையை இறக்குங்கள், ஆட்களை மேட்டுக்கு நடக்கச் சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக்கில் நிறுத்தி, இரண்டாவது கியரில் மெதுவாக எடுத்துப் பாருங்கள். குறுகிய வழுக்குப்பாறை ஏற்றம், பின்னால் வண்டி வராத தனி வழி என்றால், திருப்பி ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். இப்போது எடை முழுவதும் ஓட்டும் சக்கரத்தின் மேல். ஒரு தோட்டத்து வீட்டுக்கு முன்னால் வண்டியைப் பின்னோக்கி ஏற்றி நிறுத்தியபோது, திண்ணையில் இருந்த பெரியவர் "வந்ததும் கிளம்புகிறாயா, கண்ணு?" என்று கேட்டார்.

வெயில் காலத்தில், காய்ந்த சாலையில் வழுக்குகிறது

கொள்ளும் சோளத்தட்டும் ராகியும் சாலையில் காய்கின்றன. வண்டிகள் ஏறி இறங்கினால் கதிர் உதிரும் என்று போட்டிருப்பார்கள். உருண்டை மணிகள் மேல் பிரேக் போடுவது கோலிக்குண்டு மேல் நடப்பது போல. முடிந்தால் ஒதுங்கிப் போங்கள். முடியாவிட்டால் மெதுவாக, நேராக. இருசக்கர வாகனக்காரர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. காரின் அடியில் சுருண்ட காய்ந்த தட்டு சூடான சைலன்சரில் பட்டுப் பற்றிக்கொள்ளவும் கூடும். கடந்த பிறகு நிறுத்தி ஒரு முறை குனிந்து பார்த்துவிடுங்கள். காயப்போட்டவரோடு சண்டை வேண்டாம். களம் இல்லாதவர் வேறெங்கே போவார் என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் வளைவில் போடாமல் இருக்கலாம்.

உறைபனியும் பனியும்

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே போனால் மார்கழி, தை காலைகளில் தலைகுந்தா, அவலாஞ்சிப் பக்கம் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். நீலகிரியில் விழுவது உறைபனி. மணாலியில் பெய்வது போன்ற பனி அல்ல. வெயில் ஏறும்வரை காத்திருந்தால் போதும். கண்ணாடியில் உறைந்ததைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கரைக்காதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். மரநிழல் விழும் வளைவிலும் பாலத்தின் மேலும் உறைந்தது கடைசியாகத்தான் உருகும்.

உண்மையான பனி வேறு உலகம். வட மாநிலங்களுக்கு ஓடும் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோட்டு லாரிக்காரர்களுக்கும், கனடாவில் மகனோ மகளோ இருக்கும் வீடுகளுக்கும் அது அறிமுகம். 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்தால், காய்ந்த தாரில் தோராயமாக 20 மீட்டரில் நிற்கும் வண்டி, ஈரத்தில் 35 மீட்டர், அமுங்கிய பனியில் 70, பனிக்கட்டியில் 140 மீட்டர் போகும். அங்கே வித்தையெல்லாம் இரண்டாம்பட்சம், டயர்தான் முதல். நம் ஊர் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் இளகியிருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் படம் போட்டிருக்கும். வாங்கினால் நான்கும் வாங்க வேண்டும். முன்னால் இரண்டுக்கு மட்டும் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் சுழலும்.

மணாலிக்குப் போகும் நம்மவர்கள் அங்கே வாடகைக்குச் சங்கிலி வாங்குவார்கள். அதை ஓட்டும் சக்கரத்தில்தான் மாட்ட வேண்டும். சற்று ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பனி முடிந்து தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும். பனியில் மாட்டிக்கொண்டால் மேலே சேற்றுக்குச் சொன்னதெல்லாம் பொருந்தும், தென்னங்கீற்றுக்குப் பதில் மணல். ஒன்று மட்டும் கூடுதல்: என்ஜினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் முன் சைலன்சர் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வண்டிக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை.

சேற்றிலிருந்து மீண்ட பிறகு 80 கிலோமீட்டரில் ஸ்டீயரிங் நடுங்குகிறது

அச்சு வளைந்துவிட்டது என்று முடிவு கட்டி நான் நேராக ஒர்க்ஷாப்புக்குப் போனேன். சக்கரத்தைக் கழற்றிய பையன் ஒன்றும் பேசாமல் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். ரிம்மின் உள்பக்கம் ஒரு பக்கமாகக் கால் கிலோ கரிசல் காய்ந்து ஒட்டியிருந்தது. சக்கரத்தின் சமநிலையைக் கெடுக்க அது தாராளமாகப் போதும். வெளிப்பக்கம் மட்டும் கழுவினால் தெரியாது. நான்கு ரிம்மின் உள்பக்கத்திலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அரை மணி ஊறவிட்டு, தென்னங்குச்சி விளக்குமாற்றால் குத்தி எடுங்கள். அதன் பிறகும் நடுங்கினால் பாலன்சிங் போட வேண்டும்.